உதரவிதானத்தை அல்ட்ராசவுண்டில் பார்ப்பது எப்படி? புதிதாகப் புரோப் பிடிப்போருக்கு

வென்டிலேட்டரிலிருந்து மீள முடியாதவர், இதய அறுவைக்குப் பிறகு எக்ஸ்ரேயில் ஒரு பக்க உதரவிதானம் மட்டும் மேலேறித் தெரிபவர், உட்கார்ந்தால் நன்றாக இருந்து படுத்ததும் மூச்சு முட்டுகிறது என்பவர். இந்த மூவரிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: முக்கிய மூச்சுத் தசையான உதரவிதானம் வேலை செய்கிறதா? படுக்கையருகிலேயே, கதிர்வீச்சு இல்லாமல், அரை மணி நேரத்துக்குள் இதற்குப் பதில் தரக்கூடியது அல்ட்ராசவுண்ட்.

ஐசியூ, நுரையீரல், நரம்பியல், மயக்கவியல் துறைகளில் இதைப் புதிதாகத் தொடங்கும் மருத்துவர்களுக்காக இதை எழுதுகிறோம். படம் பிடிப்பதைச் சில வாரங்களில் பழகிவிடலாம். படத்தில் அளந்த எண்ணைத் தப்பாகப் படிப்பதுதான் பெரிய ஆபத்து. ‘அசைவு 0.8 செ.மீ.’ என்று மட்டும் எழுதிய ரிப்போர்ட்டால் யாருக்கும் பயனில்லை. நோயாளி உட்கார்ந்திருந்தாரா, படுத்திருந்தாரா, மூச்சு அவருடையதா, மெஷினுடையதா என்று பக்கத்தில் எழுதியிருந்தால்தான் அந்த 0.8 எதையாவது சொல்லும்.

1. முதலில் காகிதம்

இந்தியாவில் வேலை செய்யாதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். இங்கே இருப்பவர்கள் தாண்டக் கூடாது.

‘நான் நெஞ்சை மட்டும்தானே பார்க்கிறேன், கர்ப்பிணிகளைப் பார்ப்பதே இல்லையே’ என்று பலர் நினைக்கிறார்கள். கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் பிசிபிஎன்டிடி சட்டம் (1994) மெஷினால் என்ன செய்ய முடியும் என்பதைத்தான் பார்க்கிறது, நீங்கள் அதை வைத்து என்ன செய்கிறீர்கள் என்பதை அல்ல. கருவைக் காட்டக்கூடிய எந்த ஸ்கேன் மெஷினும் பதிவு செய்யப்பட்ட இடத்தில்தான் இருக்க வேண்டும். செல்போனில் செருகிப் பார்க்கும் கையடக்கப் புரோப்புக்கும் இதே விதிதான். பதிவில்லாத இடத்துக்கோ ஆளுக்கோ மெஷினை விற்பதும் குற்றம், அதனால் ‘முதலில் வாங்கிவிட்டுப் பிறகு பதியலாம்’ என்ற கணக்கு எடுபடாது.

சரிபார்க்க வேண்டியவை:

- மருத்துவமனையின் படிவம் ‘பி’ (பதிவுச் சான்றிதழ்) நடப்பில் உள்ளதா? அது 5 ஆண்டுகளுக்குச் செல்லும். முடிவதற்கு 30 நாள் முன்பே புதுப்பிக்கும் மனு போயிருக்க வேண்டும். சான்றிதழைக் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும்.
- நீங்கள் பயன்படுத்தப்போகும் அந்த மெஷின் பதிவில் இருக்கிறதா? புது மெஷின், புது ஆள், இட மாற்றம் எதுவானாலும் 30 நாள் முன்னதாக மாவட்ட உரிய அதிகாரிக்குத் தெரிவித்து, சான்றிதழைத் திருத்தி வாங்க வேண்டும்.
- உங்கள் பெயர் பதிவில் இருக்கிறதா? ஒரு மாவட்டத்துக்குள் ஒரு மருத்துவர் அதிகபட்சம் இரண்டு மையங்களில்தான் பதிவு செய்துகொள்ள முடியும். வெளியிலிருந்து வந்து பார்ப்பவர்கள் அடிக்கடி இடறும் இடம் இது.
- கையடக்க மெஷினைப் பதிவுபெற்ற வளாகத்துக்குள் உள்நோயாளிகளுக்குத்தான் பயன்படுத்தலாம். வீட்டு நோயாளியைப் பார்க்கப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பக் கூடாது.
- நோயாளி கர்ப்பிணியாக இருந்தால், பார்ப்பது உதரவிதானமாகவே இருந்தாலும், படிவம் ‘எஃப்’ (கர்ப்பிணிக்குச் செய்யும் ஸ்கேனைப் பதியும் படிவம்) பற்றி உங்கள் மருத்துவமனையின் பிசிபிஎன்டிடி பொறுப்பாளரிடம் கேட்டுவிட்டே புரோப்பை வையுங்கள்.

புதிதாகப் பதிவு செய்பவர்கள் படிவம் ‘ஏ’ கொடுக்க வேண்டும். 2012 திருத்தத்தின்படி தனி ஸ்கேன் மையத்துக்குக் கட்டணம் 25,000 ரூபாய். பல சேவைகளைச் சேர்த்து நடத்தும் மருத்துவமனைக்கு 35,000 ரூபாய். மெஷினுக்கு ஆர்டர் கொடுக்கும் தேதியை விற்பனையாளரின் தள்ளுபடித் தேதி முடிவு செய்யக் கூடாது, இந்த மனுவின் நிலைதான் முடிவு செய்ய வேண்டும்.

பிசியோதெரபிஸ்டுகளும் சுவாச சிகிச்சையாளர்களும் வெளிநாடுகளில் தாங்களே இந்த ஸ்கேனைச் செய்கிறார்கள். இங்கே அந்த வழக்கத்தைப் பார்த்துத் தனியாகப் புரோப்பை எடுக்க வேண்டாம். பதிவில் பெயருள்ள மருத்துவர் ஸ்கேன் செய்ய, அவரோடு சேர்ந்து நின்று படிப்பதே பாதுகாப்பு.

2. மெஷினும் புரோப்பும் செலவும்

இதற்கென்று தனி மெஷின் வேண்டாம். ஐசியூவில் இருக்கும் சாதாரண மெஷினே போதும், ஆனால் இரண்டு புரோப் வேண்டும்.

அசைவைப் பார்க்க 2–5 மெகாஹெர்ட்ஸ் வளைந்த புரோப், வயிற்று ஸ்கேனுக்குப் பயன்படுவது. எக்கோ புரோப்பும் உதவும். தடிப்பைப் பார்க்க 7–13 மெகாஹெர்ட்ஸ் லீனியர் புரோப். 10க்கு மேல் இருந்தால் நல்லது. இந்தத் தசை 2 மி.மீ. சுமாருக்குத்தான் இருக்கும் என்பதால் வளைந்த புரோப்பில் தடிப்பை அளப்பது வீண் வேலை. பட்ஜெட் ஒரு புரோப்புக்குத்தான் என்றால் எதை வாங்குவது? பக்கவாதமா (இங்கே உதரவிதானம் செயலிழப்பதையே அப்படிச் சொல்கிறோம், மூளைப் பக்கவாதத்தை அல்ல) இல்லையா என்பதே உங்கள் துறையில் அதிகம் வரும் கேள்வி என்றால் வளைந்தது. வென்டிலேட்டர் நோயாளிகளே அதிகம் என்றால் லீனியர்.

ஜெல் மலிவான பொருள், அதனாலேயே கவனம் தவறுகிறது. பெரிய கேனிலிருந்து குப்பியில் ஊற்றி ஊற்றிப் பயன்படுத்தும் ஜெல் வழியாக ஐசியூக்களில் பர்க்ஹோல்டேரியா என்ற பாக்டீரியா தொற்று பரவியது பதிவாகியிருக்கிறது. சென்ட்ரல் லைன், டிரெயின், புது அறுவைத் தையல் உள்ளவர்களுக்கு ஒருமுறை கிழித்துப் பயன்படுத்தும் ஸ்டெரைல் சாஷேயை எடுங்கள். புரோப்பின் ரப்பர் முகத்தைக் கையில் கிடைத்த ஸ்பிரிட்டால் துடைக்காதீர்கள். அந்தப் புரோப்புக்கு எந்தத் திரவம் ஆகும் என்பது தயாரிப்பாளரின் கையேட்டில் இருக்கும். முகம் வெடித்த புரோப்பை மாற்றும் செலவு இந்த ஸ்கேனின் மற்ற எல்லாச் செலவையும் விட அதிகம்.

இன்னொன்று: பல மருத்துவமனைகளின் கட்டணப் பட்டியலில் இந்த ஸ்கேனுக்கென்று தனித் தலைப்பே இருக்காது. ‘வயிற்று ஸ்கேன்’ என்று பில் போட்டு உள்ளே உதரவிதான ரிப்போர்ட்டை வைத்தால் காப்பீட்டு நிறுவனம் திருப்பி அனுப்ப வழியிருக்கிறது. எந்தத் தலைப்பில் பில் வரும், எவ்வளவு என்று பில்லிங்கில் முன்பே கேட்டு, நோயாளியின் வீட்டாரிடமும் சொல்லிவிடுங்கள்.

3. படுக்கையருகே போகும் முன்

கையில் இருக்க வேண்டியவை: சமீபத்திய நெஞ்சு எக்ஸ்ரே, இருந்தால் ஸ்பைரோமெட்ரி (ஊதி மூச்சின் அளவைப் பார்க்கும் சோதனை), வென்டிலேட்டரில் இருந்தால் மோட், பிரஷர் சப்போர்ட் (ஒவ்வொரு மூச்சுக்கும் மெஷின் தரும் அழுத்த உதவி), பீப் (வெளிமூச்சின் முடிவிலும் விடாமல் வைக்கும் அழுத்தம்), தூக்க மருந்து, தசைத் தளர்வு மருந்து கடைசியாகக் கொடுத்த நேரம், தோளுக்கு மேல் நரம்பு பிளாக் போட்டிருந்தால் அதன் நேரமும் அளவும். இந்தக் கடைசித் தகவலை யாரும் தாமாகச் சொல்வதில்லை. வழக்கமான 20 மி.லி. அளவில் இன்டர்ஸ்கேலீன் பிளாக் (தோள் அறுவைக்குக் கழுத்தில் போடும் நரம்பு மரப்பு ஊசி) போட்டால் கிட்டத்தட்ட எல்லோருக்குமே அந்தப் பக்க உதரவிதானம் சில மணி நேரம் செயலிழக்கும். அது தெரியாமல் ஸ்கேன் செய்தால் ‘புதிய பக்கவாதம்’ என்று எழுதி எல்லோரையும் பதற வைப்பீர்கள்.

ஸ்பைரோமெட்ரியை உட்கார்ந்தும் படுத்தும் எடுத்திருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. படுத்ததும் வைட்டல் கெபாசிட்டி (முழுக்க இழுத்து முழுக்க விடும் மூச்சின் அளவு) 10% வரை குறைவது இயல்பு. 30%க்கு மேல் குறைந்தால் இரு பக்க உதரவிதானமும் பலவீனம் என்று சந்தேகப்பட்டே ஸ்கேனைத் தொடங்குங்கள்.

முதல் சில மாதங்களில் ஒரு நோயாளிக்கு 20–30 நிமிடம் ஒதுக்குங்கள். பழகிய பின் 10–15 போதும். சாப்பிட்டவுடன் வேண்டாம், வயிற்றுக் காற்று இடப் பக்கத்தை முழுக்க மறைத்துவிடும். சக்ஷன், பிசியோதெரபி முடிந்த உடனேயும் வேண்டாம், இளைப்பு அடங்கட்டும்.

நிலை: தலைப்பக்கம் 30–45 டிகிரி உயர்த்தியதே பெரும்பாலோருக்கு ஒத்துவரும். மல்லாந்து படுத்தால் அசைவு நன்றாகத் தெரியும், முரணான (எதிர்த்திசை) அசைவும் எளிதில் பிடிபடும். ஆனால் படுத்தால் திணறுபவரை அளவுக்காகப் படுக்க வைக்காதீர்கள். எந்த நிலையானாலும் கோணத்தை எழுதுங்கள். அடுத்த முறையும் அதே கோணம். நெஞ்சைத் திறக்க வேண்டியிருப்பதால் பெண் நோயாளி என்றால் ஒரு பெண் செவிலியர் உடனிருக்க வேண்டும்.

4. அசைவை அளப்பது

வலப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். கல்லீரல் நல்ல ஜன்னல்.

வளைந்த புரோப்பை வலது விலா விளிம்புக்குக் கீழே, காறை எலும்பின் நடுக்கோட்டுக்கும் அக்குளின் முன்கோட்டுக்கும் இடையில் வையுங்கள். ஒலிக்கற்றை மேல்நோக்கியும் பின்நோக்கியும் சற்று உள்நோக்கியும் போகும்படி சாய்க்க வேண்டும். கல்லீரலுக்குப் பின்னால் பளிச்சென்று ஒரு வளைந்த கோடு தெரியும், அதுதான் உதரவிதானம். பித்தப்பையும் கீழ்ப்பெருஞ்சிரையும் அடையாளங்கள். வளைவின் பின் மூன்றில் ஒரு பங்கில் எம்-மோட் (ஒரே கோட்டில் நடக்கும் அசைவை நேரத்தோடு வரைந்து காட்டும் முறை) கோட்டை வையுங்கள். கோடு உதரவிதானத்தைச் செங்குத்தாக வெட்ட வேண்டும். சாய்ந்து வெட்டினால் அளவும் பொய்.

எம்-மோடின் ஓட்டத்தை மெதுவாக்கி, திரையில் குறைந்தது மூன்று மூச்சு விழும்படி செய்யுங்கள். மூச்சை இழுக்கும்போது உதரவிதானம் புரோப்பை நோக்கி வரும், கோடு மேலே எழும்பும். எழும்பத் தொடங்கிய இடத்திலிருந்து உச்சி வரை கேலிப்பர் வைத்து அளந்து, மூன்று மூச்சின் சராசரியை எழுதுங்கள்.

மூன்று விதமான மூச்சு தேவை:

*அமைதி மூச்சு.* ‘சாதாரணமா மூச்சு விடுங்க’ என்று சொன்னாலே மூச்சு மாறிவிடும். பேசிக்கொண்டே பதிவு செய்துவிடுங்கள். ஆண்களுக்குச் சராசரி 1.8 செ.மீ., பெண்களுக்கு 1.6. கீழெல்லை ஆணுக்கு 1, பெண்ணுக்கு 0.9.

*ஆழ்ந்த மூச்சு.* சராசரி ஆணுக்கு 7, பெண்ணுக்கு 5.7 செ.மீ. கீழெல்லை முறையே 4.7, 3.7. இங்கே நோயாளியின் ஒத்துழைப்புதான் எல்லாம். அரைகுறையாக இழுத்தவரைப் பலவீனமானவர் என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

*மூக்கு உறிஞ்சல்.* பக்கவாதத்தைக் கண்டுபிடிக்க இதுவே முக்கியம். ‘பூவை முகர்ந்து பாருங்க’ என்று சொன்னால் மெதுவாக இழுப்பார்கள், அது உதவாது. ‘வாயை மூடிக்கோங்க. சளி ஒழுகினா சட்டுன்னு உறிஞ்சுவீங்களே, அப்படி ஒரு தடவை’ என்று சொல்லி, நீங்களே ஒருமுறை செய்து காட்டுங்கள். கீழெல்லை ஆணுக்கு 1.8, பெண்ணுக்கு 1.6 செ.மீ. உறிஞ்சும்போது கோடு மேலே எழாமல் கீழே இறங்கினால், அதாவது உதரவிதானம் புரோப்பை விட்டு விலகினால், அதுதான் முரணான அசைவு. அந்தப் பக்கம் செயலிழந்திருக்கிறது.

இடப் பக்கத்தில் மண்ணீரல் சிறிய ஜன்னல், சுற்றிலும் இரைப்பைக் காற்று. விலா விளிம்புக்குக் கீழே கிடைக்கவில்லை என்றால் ஐந்து நிமிடம் போராடாதீர்கள். அக்குளின் நடுக்கோட்டிலோ பின்கோட்டிலோ கீழ் விலா இடைவெளி வழியாக மண்ணீரலைப் பிடித்து, அசைகிறதா, எந்தத் திசையில் என்பதை மட்டும் பார்த்து எழுதுங்கள். கிடைக்காத பக்கத்துக்கு எண் கற்பிப்பதை விட ‘இடப்பக்கம் அளக்க முடியவில்லை’ என்பது நேர்மையான ரிப்போர்ட்.

என்னென்ன தவறும்:

- வென்டிலேட்டர் தள்ளும் மூச்சை அளப்பது. மெஷின் காற்றைத் தள்ளினால் செத்த தசையும் கீழே இறங்கும். பிரஷர் சப்போர்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த அசைவு அளவை வைத்துத் தசையின் பலத்தைச் சொல்ல முடியாது. டி-பீஸிலோ (வென்டிலேட்டரைக் கழற்றி ஆக்சிஜன் மட்டும் தரும் இணைப்பு) சப்போர்ட் இல்லாத நிலையிலோ விட்டு, சில நிமிடம் கழித்து அளக்க வேண்டும்.
- வயிற்றுத் தசையின் ஏமாற்று வேலை. இரு பக்கமும் செயலிழந்தவர் வெளிமூச்சின்போது வயிற்றை இறுக்கி உதரவிதானத்தை மேலே தள்ளுவார். தளர்த்தியதும் அது தானாகக் கீழே விழும். திரையில் அழகான இயல்பான அலை தெரியும். இன்னொரு கையை நோயாளியின் வயிற்றில் வைத்துக்கொண்டே பாருங்கள். மூச்சை வெளிவிடும்போது வயிறு இறுகினால் அசைவு அளவை நம்பாமல் தடிப்பைப் பாருங்கள்.
- புரோப்பே அசைவது. வயிறு எழும்போது உங்கள் கையும் எழுந்தால் அளவு குறைந்து காட்டும். சுண்டு விரலை விலா எலும்பில் ஊன்றிக்கொள்ளுங்கள்.
- தசை அல்லாத காரணங்கள். வயிற்றில் நீர்க்கோவை, பருமன், வலி, நெஞ்சுக்கூட்டில் நீர் எல்லாமே அசைவைக் குறைக்கும். நெஞ்சுக்கூட்டில் அதிகமாகச் சேர்ந்த நீர் உதரவிதானத்தைக் கீழ்நோக்கிக் கவிழ்த்து, முரணான அசைவு போலவும் காட்டலாம். நீரை எடுத்த பின் திரும்பப் பாருங்கள்.

5. தடிப்பை அளப்பது

கை பழக நாளாவது இந்தப் பகுதியில்தான்.

லீனியர் புரோப்பை அக்குளின் முன்கோட்டுக்கும் நடுக்கோட்டுக்கும் இடையே, 8ஆம் விலாவிலிருந்து 10ஆம் விலா வரையுள்ள இடைவெளிகளில் ஒன்றில் நிறுத்துங்கள். திரை ஆழம் 3–4 செ.மீ. போதும். மேலே தோல், கொழுப்பு, விலா இடைத் தசை. அதற்குக் கீழே இரண்டு பளிச்சென்ற கோடுகள், நடுவில் கருப்பாக ஒரு பட்டை. மேல் கோடு நுரையீரல் உறை, கீழ்க் கோடு வயிற்று உறை, இடையில் இருப்பது உதரவிதானம். தசைக்குள்ளேயே நடுவில் மெல்லிய வெண்கோடு ஒன்று தெரிவதுண்டு. அதைக் கீழ் எல்லை என்று எண்ணிப் பாதித் தசையை மட்டும் அளப்பவர்கள் உண்டு.

விலா இடைத் தசையையே உதரவிதானம் என்று எண்ணுவதும் நடக்கிறது. தப்பிக்க வழி: மூச்சை இழுக்கச் சொல்லுங்கள். நுரையீரல் திரை போலப் பக்கவாட்டில் வந்து மறைக்கிறதே, அது எந்தப் பட்டையை மறைக்கிறதோ அதுவே உதரவிதானம். விலா இடைத் தசை அப்படியே தெரியும். திரை முழுக்க மூடிவிட்டால் ஒரு இடைவெளி கீழே இறங்குங்கள்.

அளக்கும் முறை: வெளிமூச்சின் முடிவில் ஒரு படம், உள்மூச்சின் முடிவில் ஒரு படம். கேலிப்பரை இரு வெண்கோடுகளின் உள் விளிம்பிலிருந்து உள் விளிம்புக்கு வையுங்கள், உறைகளைச் சேர்க்காதீர்கள். அமைதி மூச்சுக்கு எம்-மோட் வசதி. ஆழ்ந்த மூச்சில் தசை கோட்டை விட்டு நழுவிவிடும் என்பதால் சாதாரண படத்தைப் பதிவு செய்து, பின்னோக்கி ஓட்டிச் சரியான நொடியில் அளப்பதே மேல்.

தடிப்பு விகிதம் = (உள்மூச்சு முடிவுத் தடிப்பு – வெளிமூச்சு முடிவுத் தடிப்பு) ÷ வெளிமூச்சு முடிவுத் தடிப்பு × 100.

கணக்கு எளிது. ஆனால் பிழை எவ்வளவு பெரிதாகும் என்று பாருங்கள். உண்மை அளவு 1.9, 2.4 மி.மீ. என்றால் விகிதம் 26%. முதல் அளவில் 0.2 கூடவும் இரண்டாவதில் 0.2 குறையவும் வைத்துவிட்டால் 2.1, 2.2, விகிதம் 5%, பக்கவாதம்! தலைகீழாகத் தவறினால் 1.7, 2.6, விகிதம் 53%, பிரமாதம்! ஒரே நோயாளி, ஒரே மூச்சு. கேலிப்பர் நகர்ந்தது 0.2 மி.மீ. அதனால்தான் படத்தைப் பெரிதாக்கி அளக்க வேண்டும், மூன்று மூச்சாவது எடுக்க வேண்டும், மூன்றும் 10%க்கு மேல் வேறுபட்டால் மறுபடி எடுக்க வேண்டும். புரோப் வைத்த இடத்தைத் தோலில் மார்க்கரால் குறித்து வையுங்கள். இடைவெளி மாறினாலே தடிப்பு மாறும். நாளை டியூட்டியில் வருபவர் வேறு இடத்தில் வைத்து ‘தசை மெலிந்துவிட்டது’ என்பார்.

6. எண்களைப் படிப்பது

ஆரோக்கியமானவர் நுரையீரல் நிறைய இழுத்தால் தசையின் தடிப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகும். முழு முயற்சியோடு இழுத்தும் 20% கூட ஏறவில்லை என்றால் அந்தப் பக்கம் செயலிழந்திருக்கிறது. வெளிமூச்சு முடிவில் 1.5 மி.மீ.க்குக் குறைவு என்றால் தசை மெலிந்திருக்கிறது.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் காலமும் தெரியும். தடிப்பு இயல்பு, சுருக்கம் இல்லை: அண்மையில் வந்த பக்கவாதம். மெலிந்தும் இருக்கிறது, சுருக்கமும் இல்லை: நாள்பட்டது. மெலிந்திருந்தாலும் சுருங்குகிறது: உருவமே சிறியவராக இருக்கலாம், மீண்டுவரும் தசையாகவும் இருக்கலாம். எக்ஸ்ரேயில் மேடு தூக்கியிருந்தும் தசை நன்றாகத் தடித்தால் பக்கவாதத்தை விட்டுவிட்டு வேறு காரணம் தேடுங்கள்: நுரையீரல் சுருங்கியிருக்கலாம், கல்லீரல் பெருத்திருக்கலாம், உதரவிதானத்தின் ஒரு பகுதி மட்டும் பிறவியிலேயே மெலிந்து புடைத்திருக்கலாம்.

சிஓபிடி (நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய்) நோயாளிக்கு நுரையீரல் ஊதி உதரவிதானம் தட்டையாகிவிடும். அசைவு குறைவாக இருக்கும், தசை நோய் என்று அர்த்தமில்லை.

வென்டிலேட்டரை எடுக்கலாமா என்ற கேள்விக்குப் பலரும் தேடுவது ஒரே ஒரு எண்ணை. சோதனை மூச்சின்போது தடிப்பு விகிதம் 30–36%க்கு மேல், அசைவு 1 செ.மீ.க்கு மேல் இருந்தால் வெற்றி வாய்ப்பு கூடுதல் என்று ஆய்வுகள் சொல்கின்றன. எல்லா ஆய்வுகளும் ஒத்துப்போகவில்லை. உதரவிதானம் நன்றாக இருந்தும் இதயம், சளி, நினைவு மங்கல் காரணமாகத் தோற்பவர்கள் நிறைய. எடுக்கலாம் என்று சொல்ல அல்ல, ஏன் தோற்றார் என்று கண்டுபிடிக்கவே இந்த ஸ்கேன் அதிகம் உதவும்.

குறைந்த விகிதம் எப்போதும் பலவீனம் அல்ல. தூக்க மருந்தில் இருப்பவர், பிரஷர் சப்போர்ட் அதிகமாக வைத்திருப்பவர் முயற்சியே எடுப்பதில்லை. சப்போர்ட்டைக் குறைத்து, முயற்சி வந்த பின் அளந்து பாருங்கள். அப்போதும் 20%க்குக் கீழே நின்றால்தான் தசையைக் குற்றம் சொல்லலாம்.

லீனியர் புரோப் கையில் இருக்கும்போதே மார்பெலும்புக்கு அருகே இரண்டாம் விலா இடைவெளியையும் பார்த்துவிடுங்கள். அமைதியாக மூச்சு விடும் ஆரோக்கியமானவருக்கு அந்தத் தசை அநேகமாகத் தடிப்பதே இல்லை. கண்ணுக்குத் தெரியும் அளவு தடித்தால் உதரவிதானத்தின் சுமையை அது வாங்கிக்கொண்டிருக்கிறது.

7. ரிப்போர்ட் எழுதுவது

இப்படி இருந்தால் போதும்:

> நிலை: தலைப்பக்கம் 45°. தானாக மூச்சு, ஆக்சிஜன் 2 லிட்டர், சப்போர்ட் இல்லை. ஒத்துழைப்பு நன்று. இன்டர்ஸ்கேலீன் பிளாக், தூக்க மருந்து இல்லை.
> வலம்: அமைதி 1.7 செ.மீ., ஆழ்ந்து 5.2, உறிஞ்சல் 2.6. தடிப்பு 2.1 → 3.9 மி.மீ. (86%), ஆழ்ந்த மூச்சில்.
> இடம்: அமைதி மூச்சில் அசைவில்லை, உறிஞ்சலில் 0.6 செ.மீ. முரணான அசைவு. தடிப்பு 1.9 → 2.0 மி.மீ. (5%), ஆழ்ந்த மூச்சில். 9ஆம் விலா இடைவெளி, தோலில் குறியிடப்பட்டது.
> நெஞ்சில் நீர்: இருபுறமும் இல்லை.
> கருத்து: இடது உதரவிதானப் பக்கவாதம். தசை மெலியவில்லை, எனவே அண்மையது.

அமைதி மூச்சின் விகிதமா, ஆழ்ந்த மூச்சின் விகிதமா என்று எழுதாமல் வெறும் சதவீதம் மட்டும் தரும் ரிப்போர்ட்டுகள் ஏராளம். ஒருவரின் அமைதி மூச்சு 25% முற்றிலும் இயல்பு, ஆழ்ந்த மூச்சு 25% கவலைக்குரியது. படங்களையும் எம்-மோட் பதிவையும் சேமியுங்கள்.

8. எப்போது திரும்பப் பார்ப்பது

பிளாக்கினால் வந்தது என்றால் மருந்து இறங்கிய பின், மறுநாள். இதய அறுவையில், உதரவிதானத்தை இயக்கும் ஃபிரெனிக் நரம்பு குளிரால் அல்லது இழுபட்டுப் பாதிக்கப்பட்டிருந்தால் மீட்சி மாதக் கணக்கு; நரம்பு வளரும் வேகம் ஒரு நாளுக்கு ஏறத்தாழ 1 மி.மீ. தான். 3, 6, 12 மாதங்களில் பார்த்தால் போதும். வாராவாரம் வரவழைத்துச் செலவு வைக்காதீர்கள். அசைவு திரும்புவதற்கு முன்பே தடிப்பு விகிதம் ஏறத் தொடங்கலாம், அதனால் தொடர் ஸ்கேனில் தடிப்பை விடாமல் அளந்து வாருங்கள். கைக்குழந்தைகளின் கதை வேறு: ஒரு பக்கம் செயலிழந்தாலே வென்டிலேட்டரை விட்டு வர முடியாமல் போகும், குழந்தை அறுவை மருத்துவரிடம் காத்திருக்காமல் பேச வேண்டும். அவர்களுக்கு மார்பெலும்பின் நுனிக்குக் கீழே புரோப்பைக் குறுக்காக வைத்தால் இரு பக்கமும் ஒரே படத்தில் தெரியும்.

ஸ்கேனுக்காகக் காத்திருக்கவே கூடாத இடங்களும் உண்டு. கட்டுவிரியன் கடி, குய்லான்-பாரே (நரம்புகள் வேகமாகச் செயலிழக்கும் நோய்), மையஸ்தீனியா (நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி போவது தடைபடும் நோய்) நெருக்கடி ஆகியவற்றில் தசை மணிக்கணக்கில் சரியும். அங்கே வைட்டல் கெபாசிட்டி, கழுத்தைத் தூக்கும் பலம், ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ணுகிறார் என்பவைதான் முதலில். குய்லான்-பாரேயில் வைட்டல் கெபாசிட்டி கிலோவுக்கு 20 மி.லி.க்குக் கீழே போனாலோ, அதிகபட்ச உள்ளிழுப்பு அழுத்தம் 30 செ.மீ. நீரளவை எட்டாவிட்டாலோ ஐசியூவும் டியூபும் தயாராக இருக்க வேண்டும். காலை எட்டு மணிக்குத் தடிப்பு விகிதம் 60% காட்டிய உதரவிதானத்தை நம்பி அந்த நோயாளியை மாலை வரை வார்டில் விட்டு வைக்காதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஸ்பைரோமீட்டரை ஊதச் சொல்லி, எண்ணைக் கட்டில் தலைமாட்டுச் சார்ட்டில் எழுதி வையுங்கள்.